உதை வாங்கும் இருக்கை

முதல் தோட்டா வெடித்தபோது புறா எந்தப் பக்கம் பறந்தது என்று நான் பார்க்கவே இல்லை. வானம்தான் தெரிந்தது. துப்பாக்கியின் கட்டை தோளில் உதைத்த வேகத்தில், பிரேக் போட்டிருந்த சக்கர நாற்காலி முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்துவிட்டது. எனக்குப் பின்னால் ஒட்டி நின்றிருந்த பயிற்சியாளர் தொடையால் நாற்காலியின் முதுகைத் தாங்கினார். கையை நீட்டித் துப்பாக்கியின் குழலை வானத்தை நோக்கியே பிடித்துக்கொண்டார்.

“பயப்படாதீங்க மேடம். ஒரு தோட்டாதான் போட்டிருந்தேன். சாயும்னு தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் சார் சுட விட்டீங்க?”

“வாயால சொல்லியிருந்தா நீங்க நம்பியிருக்க மாட்டீங்க.”

உண்மைதான். நம்பியிருக்க மாட்டேன்.

புறா என்றதும் பறவை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த மைதானத்தில் உயிருள்ள எதையும் சுடுவதில்லை. சாஸர் அளவில், ஆரஞ்சு வண்ணம் பூசிய களிமண் தட்டு ஒன்று இருக்கும். தரைக்குக் கீழே குழியில் இருக்கும் இயந்திரம் அதை விசிறி எறியும். எந்தத் திசையில் வரும் என்று சுடுகிறவருக்குத் தெரியாது. குரல் கொடுத்தால் வரும். வந்த கணத்தில் சுட வேண்டும்; தவறினால் இன்னொரு தோட்டா உண்டு. ஒரு காலத்தில் நிஜப் புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்களாம். அந்த வழக்கம் ஒழிந்து, பெயர் மட்டும் தட்டுக்கு ஒட்டிக்கொண்டது. இதை என் அம்மாவுக்கு விளங்கவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. “நம்ம மாதா கோயில் மணிக்கூண்டுல எத்தினி புறா கீது, அதுங்க உன்ன இன்னாடி பண்ணிச்சி?” என்று முதல் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள்.

நான் செங்கல்பட்டில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு திருக்கழுக்குன்றத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு எங்களைப் படிக்க வைத்தார்கள். வேலை கிடைத்த சில ஆண்டுகளில், மாமல்லபுரத்திலிருந்து பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தபோது ஒரு நாய் குறுக்கே ஓடி நான் கீழே விழுந்தேன். முதுகெலும்பு அடிபட்டது. தொப்புளுக்குக் கீழே உணர்வு இல்லை. அலுவலகம், பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், வீடு என்று ஒரு வாழ்க்கையைப் பழகிக்கொண்டேன்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்காக ஒருமுறை துப்பாக்கி சுடும் முகாம் நடத்தினார்கள். செங்கல்பட்டுக்கு மேற்கே, குன்றுகளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு சுடும் மன்றத்தில். எங்களுக்குக் கொடுத்தது ஏர் ரைஃபிள். மேசையில் முழங்கையை ஊன்றி, மூச்சை அடக்கி, கல்லைப் போல அசையாமல் இருந்து சுட வேண்டும். நான் நன்றாகவே சுட்டேன். பாராட்டினார்கள். ஆனால் எனக்குப் பின்னால் திறந்த வெளியில் ஏதோ வெடித்தது. திரும்பிப் பார்த்தேன். ஆரஞ்சுத் தட்டு ஒன்று காற்றிலேயே தூளாகிப் புகை போலக் கலைந்தது. நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருக்கிற எனக்கு, பொழுதுபோக்குக்கும் அசையாமல் உட்கார்ந்திருப்பதில் ஆசை இல்லை. பறக்கிற ஒன்றைத் துரத்தும் அந்த விளையாட்டுதான் வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவாகிவிட்டது.

உறுப்பினர் ஆவதற்குக் காவல்துறை விசாரணை எல்லாம் முடிந்து, மன்றத்தின் துப்பாக்கியை முதல் தடவை கையில் வாங்கிய அன்றுதான் மேலே சொன்னபடி சாய்ந்தேன். மன்றத்தின் செயலாளர் அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டார். பண்பான மனிதர். தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

“மேடம், ரைஃபிள்ல நீங்க நல்லா வருவீங்க. இது நின்னு சுடறவங்க விளையாட்டு.”

உட்கார்ந்து சுடுபவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள் என்று கைப்பேசியில் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதையும் பார்த்தார்.

“அவங்க உக்காந்திருக்கற சேர் வேற மாதிரி இருக்கே.”

“அப்போ பிரச்சினை சேர்தானே சார், நான் இல்லையே?”

அவர் சிரித்தார். “கவிழாத சேரோட வாங்க. பார்க்கலாம்.”

என்னை அனுப்பி வைப்பதற்காக அப்படிச் சொன்னாரோ என்னவோ. நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

என் தங்கை திருப்போரூரில் கேட், கிரில் செய்யும் பட்டறையில் வெல்டர். எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் அவள் வீடு. பட்டறை முதலாளியை ஊரில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெண் வெல்டிங் வேலை கேட்டு வந்தபோது, “பத்த வச்சுக் காட்டும்மா” என்று மட்டும் சொல்லி ஹோல்டரை அவள் கையில் கொடுத்த மனிதர். அன்று மாலை தங்கையிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“உதைச்சா எம்மா வேகத்துல உதைக்கும்?”

“ஆள கவுத்துடும்டி.”

“நீ அந்த ஸ்கூட்டர்ல ரோட்டுல போறதே எனக்கு பேஜாரா கீது. இதுல துப்பாக்கி வேறயா? வேற வேல இல்லியா உனுக்கு?”

திட்டிக்கொண்டேதான் டேப்பை எடுத்து என் இடுப்பை அளந்தாள்.

எங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் எங்களுக்கே தெரியவில்லை. கனம்தான் வேண்டும் என்று நினைத்தோம். என் சக்கர நாற்காலியின் அடியில் மணல் மூட்டைகளைக் கட்டிப் பார்த்தோம். சாயவில்லை, ஆனால் டயர் வழுக்கி மொத்தமும் பின்னால் நகர்ந்தது. துப்பாக்கியைப் பிடித்தபடி நகர்வது சாய்வதைவிட ஆபத்து. ஒவ்வொரு தடவையும் மைதானத்துக்குப் போய்ச் சோதிக்க முடியாது என்பதால் தங்கை ஒரு வழி கண்டுபிடித்தாள். பட்டறையின் சங்கிலிக் கப்பியில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, இழுத்து, விடுவது. அது ஊஞ்சல் போல வந்து தோள் உயரத்தில் மோதும். இருக்கையில் எனக்குப் பதிலாக ஒரு சிமென்ட் மூட்டையைக் கட்டி வைத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சிமென்ட் மூட்டை வாங்கிய உதைக்கு அளவே இல்லை.

பாய் தன் சொந்தக்காரர் ஒருவர் மூடிய சலூனிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டு வந்தார். முடிவெட்டும் பழைய நாற்காலி. இரும்பும் பீங்கானுமாக யானை போல இருந்தது. “எப்பேர்ப்பட்ட ஆளு உக்காந்தாலும் ஆடாதும்மா இது. சொழலவும் சொழலும்” என்றார். மூட்டையை விட்டு மோதினோம்; அசையவே இல்லை. என்னைத் தூக்கி அதில் உட்கார வைத்தார்கள். ஒரு துடைப்பக் கட்டையைத் துப்பாக்கியாகத் தோளில் வைத்துத் திரும்பினேன். முழங்கை கைப்பிடியில் இடித்தது. அதை அறுத்துவிடலாம் என்றாள் தங்கை. பிறகுதான் எனக்கு உறைத்தது: இந்த விளையாட்டில் ஒரே இடத்தில் இருந்து சுடக் கூடாது. ஐந்து இடங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு புறாவுக்கும் பிறகு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். பின்னால் வருபவர் காத்திருப்பார். சலூன் நாற்காலியை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும்.

“அப்ப ஓடவும் ஓடணும். நிக்கும்போது தூணாட்டம் நிக்கவும் நிக்கணும்” என்றாள் தங்கை. “ரெண்டும் ஒண்ணா எங்க கெடைக்கும்?”

பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, “நாஸ்தா சாப்ட்டு யோசிங்க” என்று எங்களைக் கடைக்கு அனுப்பினார்.

விடை சாலையில் கிடைத்தது. ஒரு நாள் தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பழைய மாமல்லபுரம் சாலையில் வந்துகொண்டிருந்தேன். அடுக்குமாடி கட்டும் இடத்தில் ஒரு கிரேன் லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி ஏதோ நெம்புகோலை இழுத்தார். லாரியின் இரு பக்கத்திலிருந்தும் இரும்புக் கால்கள் வெளியே நீண்டு தரையில் ஊன்றின. டயர்கள் தரையை விட்டு எழும்பின. அதற்கப்புறம்தான் அது காங்கிரீட் பலகையைத் தூக்கியது. தங்கை என் தோளை அடித்து வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

“அக்கா, பாத்தியா? ஓடறதுக்கு சக்கரம். தூக்கறதுக்கு காலு.”

நாங்கள் அங்கேயே நின்று பார்த்தோம். காவலாளி வந்து, “ஃப்ளாட்டு பாக்க வந்தீங்களா?” என்று கேட்டார். “இல்லண்ணா, கிரேன பாக்க வந்தோம்” என்றாள் தங்கை. அவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு வேலை வேகம் பிடித்தது. சதுரக் குழாய்களை வெட்டித் தாழ்வான, அகலமான சட்டம் செய்தாள். பழைய சக்கர நாற்காலியின் சக்கரங்களைக் கொஞ்சம் வெளியே தள்ளிப் பொருத்தினாள். பின்பக்கம் இரண்டு நீளமான கால்கள், மடங்கும்படி. உதை பின்னால் தள்ளும் என்பதால் அவை பின்னால் வெகுதூரம் நீண்டு ஊன்ற வேண்டும். கால்களின் நுனியில் தட்டையான இரும்புத் தகடு. அதன் அடியில் லாரி டயரிலிருந்து வெட்டிய ரப்பர். இதையெல்லாம் இறக்க என் காலால் மிதிக்க முடியாது என்பதால் கையால் இழுக்கும் லீவர் வேண்டியிருந்தது. காயலான் கடையில் உடைத்துப் போட்ட காரின் ஹேண்ட்பிரேக்கைக் கழற்றி வந்தாள். இழுத்தால் கடகடவென்று பல் பல்லாக ஏறி நிற்கும். பொத்தானை அமுக்கினால் விடும். கைப்பிடிகள் இல்லை. முதுகுச் சாய்வு இடுப்புக்குச் சற்று மேல்வரை மட்டும். வயிற்றைச் சுற்றி காரின் சீட் பெல்ட். உட்காரும் இடத்துக்கு நல்ல கனமான பிளைவுட். அதன் மேல் மெல்லிய ஸ்பாஞ்சு, ரெக்சின் உறை.

மூட்டையை விட்டு மோதினாள். நின்றது. இன்னும் உயரத்திலிருந்து விட்டாள். நின்றது. சிமென்ட் மூட்டையை அவிழ்த்துவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

“பாய், வுடு.”

“வேணாம்மா, நெஞ்சுல பட்டா...”

“எங்கக்கா உக்காரப் போறா. வுடு பாய்.”

மூட்டை அவள் தோளில் மோதியது. அவள் முகம் கோணியது. இருக்கை அசையவில்லை.

பாயின் சின்னச் சரக்கு வண்டியில் அதை ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். செயலாளர் சில மாதங்களுக்கு வெளியூர் போயிருந்தார். பயிற்சியாளர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்; லீவரைப் பலமுறை இழுத்து விட்டார். இம்முறையும் ஒரே தோட்டாதான். குரல் கொடுத்தேன். சுட்டேன். தட்டு பத்திரமாகப் பறந்து போய்ப் புல்லில் விழுந்தது. ஆனால் நான் வானத்தைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த குன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை பின்னாலிருந்து விசிலடித்தாள்.

அப்புறம் எனக்குக் கண்மண் தெரியவில்லை. ஞாயிறு காலை போனால் மதியம் வெயில் ஏறும்வரை அந்த இருக்கையை விட்டு இறங்கமாட்டேன். மற்றவர்கள் சுடும்போதும் அதிலேயே இருந்து பார்ப்பேன். வலி என்று ஒன்று இருந்தால் உடம்பு சொல்லியிருக்கும். எனக்குத்தான் அங்கே வலி தெரியாதே. என்னைப் போன்றவர்கள் கட்டாயம் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒரே விஷயம் அது. ஆசையில் அதை விட்டுவிட்டேன்.

ஒரு நாள் என்னைக் குளிக்க வைக்கும்போது அம்மாவின் கை சட்டென்று நின்றது. தங்கையைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். உட்காரும் எலும்புக்கு நேரே தோல் கறுத்து, நடுவில் பிளந்திருந்தது. மருத்துவமனையில் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “எதுல உக்காந்தீங்க?” என்றுதான் முதலில் கேட்டார். படுக்கைப் புண் எங்களைப் போன்றவர்களை எப்படிக் கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியும். என்னோடு மறுவாழ்வு வார்டில் இருந்த ஒருவரை அதுதான் கொண்டுபோனது.

பல வாரங்கள் குப்புறப் படுத்தே கிடந்தேன். அலுவலகத்துக்கு மருத்துவ விடுப்பு. சாப்பாடு, படிப்பு, ஜெபம் எல்லாம் தலையணையில் நெஞ்சை வைத்தபடி. அம்மா துப்பாக்கி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை; அது எனக்கு ஏச்சைவிடக் கஷ்டமாக இருந்தது. தங்கை ஒரு சாயங்காலம் கையில் இரும்பு அறுக்கும் கிரைண்டரோடு வந்தாள்.

“அந்த சனியன துண்டு துண்டா அறுத்துப் போட்டுட்டுப் போறேன்.”

“யாரு அறுக்கச் சொன்னா?”

“பலகையில உக்கார வச்சது நானு. ஸ்ட்ராங்கா இருக்கணும், ஸ்ட்ராங்கா இருக்கணும்னு அத்த மட்டும் பாத்துகினு இருந்துட்டேன்.”

அவள் அழுது நான் பார்த்தது குறைவு. நான் தலையைத் திருப்பி, “எறங்காம உக்காந்திருந்தது நானு. நீ சட்டத்துல கை வச்சினா உங்கூடப் பேச மாட்டேன். மேல கீற பலகைய மட்டும் கழட்டு” என்றேன்.

“இன்னும் வுடலியா நீ?”

“சேர் கவுறல. சீட்டுதான் சரியில்ல.”

அவள் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு, என் தலைமாட்டில் உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஸ்பேனர் எங்கே என்று கேட்டாள்.

புண் ஆறி உட்கார அனுமதி கிடைத்ததும், மருத்துவமனையில் கொடுத்த காற்று மெத்தையைச் சட்டத்தின் மேல் வைத்து முயன்றோம். தோலுக்கு நல்லது. ஆனால் தோளில் ஒரு தட்டு தட்டினாலே இடுப்பு தோணி போல ஆடியது. ஆடுகிற இடுப்பை வைத்துக்கொண்டு பறக்கிற தட்டைக் குறிபார்க்க முடியாது. கெட்டியாக இருந்தால் தோல் போகும். மெத்தென்று இருந்தால் குறி போகும். எலும்பு அழுந்தும் இடம் மட்டும் பள்ளமாக, மற்ற இடமெல்லாம் கெட்டியாக என் உடம்பைக் கவ்விப் பிடித்தால் இரண்டும் நடக்கும் என்று தோன்றியது. எலும்பு எங்கே அழுந்துகிறது என்று எனக்குத் தெரியாது. உணர்வு இருந்தால்தானே.

“மண்ணுல உக்காந்தா அச்சு வுழும்” என்றேன்.

“இந்த மண்ணுல இன்னா வுழும்? செங்கல்லாட்டம் கீது.”

“கடல் மண்ணுடி. ஈர மண்ணு.”

ஒரு காலையில் மாமல்லபுரத்துக்கு வடக்கே, ஆள் குறைவான கரைக்குப் போனோம். தங்கையும் அவள் கணவனும் என்னைத் தூக்கி, அலை வந்து திரும்பிய ஈர மணலில் மெதுவாக இறக்கினார்கள். விபத்துக்குப் பிறகு நான் கடல் மணலில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. துடைப்பக் கட்டையைத் தோளில் வைத்து, சுடுவது போல இடமும் வலமும் திரும்பினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

“இன்னா அண்ணாத்த, இன்னா பண்றீங்க?” என்று தங்கையின் கணவனைக் கேட்டார்.

“சேருக்கு அளவு எடுக்கறோம்ணா.”

அவர் என்னைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். “அலை ஏறுது. சீக்கிரம் எடுங்க, அச்சு கரைஞ்சுடும்” என்று சொல்லிவிட்டு, எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் கையால் மணலை வாரி அவரே ஒரு கரை கட்டத் தொடங்கினார்.

நேராக மேலே தூக்கினார்கள். கீழே என் உருவத்தின் அடிப்பாதி கிடந்தது. தொடைகள் இரண்டும் அகலமான தடங்களாக. பின்பக்கம் மட்டும் இரண்டு ஆழமான குழிகள். இடது குழி வலதைவிட ஆழம். என் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. புண் வந்ததும் இடது பக்கம்தான். தங்கை ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்களிடம் வாங்கிவந்த வெள்ளைப் பவுடரை பக்கெட்டில் கரைத்து அச்சில் ஊற்றினாள். அது இறுகும்வரை அந்த மீனவர் கட்டிய கரையை இரண்டு முறை அலை உடைத்தது. இரண்டு முறையும் எல்லோரும் சேர்ந்து கட்டினோம், நான் உட்பட, மணலில் சாய்ந்து கிடந்தபடி.

இறுகிய அந்த வெள்ளை அச்சைப் பட்டறை மேசையில் கவிழ்த்து வைத்து, கெட்டியான ரப்பர் ஷீட்டுகளை அடுக்கடுக்காக ஒட்டி, ஹேக்ஸா பிளேடால் சீவிச் சீவி அதன் வடிவத்துக்குக் கொண்டு வந்தாள். இரண்டு குழிகளையும் இன்னும் ஆழமாகத் தோண்டி மெத்தென்ற ஸ்பாஞ்சால் நிரப்பினாள். இடது பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி என்னை நேராக்கினாள். இடுப்பின் இரு பக்கமும் அணைத்துப் பிடிக்க இரண்டு மேடுகள். உட்கார்ந்தபோது கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விலா எலும்புகளுக்குத் தெரிந்தது, அடியில் ஏதோ என்னைப் பிடித்திருக்கிறது என்று. வீட்டில் அதில் கொஞ்ச நேரம் உட்காருவேன். இறங்கியதும் அம்மா கண்ணாடி வைத்துத் தோலைப் பார்ப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டினோம். சிவக்கவில்லை. சுடாத நேரத்தில் இந்த இருக்கையில் இருக்க மாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். அவள் அதை நம்பாமல் தானும் மைதானத்துக்கு வரத் தொடங்கினாள்.

இந்தத் தடவை செயலாளர் இருந்தார். கவிழாத சேர் கொண்டுவரச் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. லீவரை இழுத்துக் கால்களை இறக்கினேன். அவர் முன்னால் வந்து, அனுமதி கேட்டுவிட்டு, என் தோளில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். பிறகு பயிற்சியாளரை அழைத்து இருவருமாகத் தள்ளினார்கள். அம்மா, “பாத்து சார், பாத்து” என்றாள்.

“ரெண்டு தோட்டா போடுங்க” என்றார் செயலாளர்.

இரண்டையும் சுட்டேன். உதை தோளில் இறங்கி, முதுகு வழியாக அந்தச் சட்டத்துக்குள் போய், தரைக்குப் போய்விட்டது. இருக்கை இருந்த இடத்தில் இருந்தது. புறாவும் உடையாமல் பறந்து போனது.

“சேர் ஓக்கே” என்றார் அவர். “இனிமே நீங்கதான்.”

அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. இதுவரை தவறியதற்கெல்லாம் நாற்காலியைக் குற்றம் சொல்ல முடிந்தது. இனி தவறினால் நான்தான் தவறுகிறேன். தவறினேன், நிறையவே. நின்று சுடுபவர்கள் இடுப்பிலிருந்து திரும்புகிறார்கள். நான் நெஞ்சிலிருந்து மட்டுமே திரும்ப முடியும். வலது ஓரமாகப் பறப்பது எனக்கு எப்போதும் பிந்திவிடும். பயிற்சியாளர் இருக்கையை ஒவ்வொரு இடத்திலும் சற்று வலப்பக்கம் பார்க்கும்படி திருப்பி நிறுத்தச் சொன்னார். இடது ஓரத்துக்குத் திரும்புவது எனக்கு எளிது என்பதால் அது சரியாக வந்தது. உடல் ஒரு பக்கமாகச் சரிந்தால் நிமிர்ந்து வயிற்றுப் பெல்ட்டை இறுக்கிக்கொள்ளவும் கற்றுக்கொண்டேன். மழைக்காலம் வந்தது, களிமண் தட்டுகள் சாம்பல் வானத்தில் நன்றாகத் தெரிந்தன. அப்படி ஒரு நாள்தான் முதல் புறா உடைந்தது. சத்தம் கேட்கவில்லை. ஆரஞ்சுத் தூள் மட்டும் தெரிந்தது. நான் தங்கையைத் திரும்பிப் பார்ப்பதற்குள் பயிற்சியாளர், “அடுத்த இடம் மேடம், பின்னால ஆளு நிக்குது” என்றார். பொத்தானை அமுக்கிக் கால்களைத் தூக்கிவிட்டுச் சக்கரத்தைத் தள்ளினேன்.

போன ஆண்டு மன்றங்களுக்கு இடையிலான ஒரு போட்டியில் பெயர் கொடுத்தேன். உட்கார்ந்து சுடுபவர்களுக்கென்று தனிப் பிரிவு இல்லை. நான் ஒருத்திதான் அப்படி. நின்று சுடுபவர்களோடு வரிசையில் நின்றேன், அதாவது உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் சுட்டவர் மதுராந்தகத்துக்காரர். தன் இடத்தை விட்டு நகரும்போது, என் சக்கரம் மாட்டாதபடி கீழே கிடந்த வெற்றுத் தோட்டாக்களைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போனார். சுற்றுக்குச் சுற்று அதைச் செய்தார். எல்லாச் சுற்றையும் முடித்தேன். பட்டியலில் கடைசிக்குச் சற்று மேலே வந்தேன். எனக்குக் கீழேயும் சிலர் இருந்தார்கள், இரண்டு காலில் நின்றவர்கள்.

தங்கைக்குக் கோபம். “தனியா ஒரு பிரிவு வச்சிருந்தா நீதான்கா ஃபர்ஸ்ட்டு.”

“நான் ஒருத்திதானே இருந்திருப்பேன். அது இன்னா ஃபர்ஸ்ட்டு?”

“இருந்தா இன்னா? கப்பு கப்புதான?”

அம்மா எங்கள் இருவரையும் பேசவிடாமல், வண்டிக்குப் பின்னால் துணியைப் பிடித்து மறைத்துக்கொண்டு, இருக்கையிலிருந்து என்னை இறக்கித் தோலைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று தலையசைத்தாள். அப்புறம், மைதானத்தில் உடைந்து கிடந்த ஆரஞ்சுத் துண்டு ஒன்றை எடுத்து விரலால் நிமிண்டி, “இத்த உடைக்கறதுக்கா இம்மா பாடு?” என்றாள்.

“ஆமாம்மா” என்றேன்.

வலது ஓரப் புறா இன்னும் எனக்குப் பிந்துகிறது. சட்டத்தை ஒரே இடத்தில் நின்றபடி கொஞ்சம் சுழலும்படி செய்ய முடியுமா என்று தங்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுழன்றால் உதைக்கு நிற்காது என்கிறார் பாய். நிற்கும் என்கிறாள் இவள். வருகிற ஞாயிறு மணல் மூட்டையைக் கட்டுகிறோம்.